கிரீட் தீவு: கல்யாணச் சோறு ஒரு தட்டு

செப்டம்பர் 10, ஹன்யா

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மண்டபம் பிடித்து நூறு பேருக்குச் சாப்பாடு போடலாம் என்றார்கள் பிள்ளைகள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் தனியாக மூன்று நாளுக்கு மேல் எங்கும் போனதில்லை. முதலில் மாமனார் மாமியார், பிறகு பிள்ளைகள், பிறகு பிள்ளைகளின் பரீட்சைகள். "மண்டபத்துக்கு ஆகிற பணத்தில் கடலும் மலையும் சேர்ந்தாற்போல் இருக்கிற இடத்துக்குப் போகலாம்" என்று இவர்தான் ஆரம்பித்தார். அப்படித்தான் கிரீட் வந்தோம். கிரேக்க நாட்டின் மிகப் பெரிய தீவு. மத்தியதரைக் கடல் தீவுகளில் ஐந்தாவது பெரியது. அதன் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது ஹன்யா.

பழைய ஊருக்குள் வெனிஸ்காரர்கள் காலத்துச் சுவர்கள் கொண்ட வீடு ஒன்றில் மூன்றாவது மாடி அறை. படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்தாக இருந்தது. பெட்டியை இவர் தலையில் வைத்து ஏற்றினார். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கீழே தெருவில் விடுதிச் சத்தம் இரண்டு மணி வரை. வீட்டுக்காரரிடம் சொன்னோம், ஒரு வாளி கொண்டுவந்து வைத்தார், அவ்வளவுதான். அறை வாடகையை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

சாப்பாட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். இவர் சைவம். பால், தயிர், வெண்ணெய் உண்டு, முட்டைகூடக் கிடையாது. நான் அப்படி இல்லை. கிரேக்கர்களின் விரத நாட்களில் இறைச்சி இல்லாத சாப்பாடு கிடைக்கும், அதற்கு 'நிஸ்தீசிமோ' என்று பெயர், அதைச் சொன்னால் போதும் என்று எங்கோ படித்து வைத்திருந்தேன். துறைமுகத்துக்குப் பின்சந்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. பரிமாற வந்த பையனிடம் பெருமையாக "நிஸ்தீசிமோ" என்றேன். அவன் முகம் மலர்ந்து தலையாட்டிவிட்டு உள்ளே போய் ஒரு தட்டு நிறைய சுட்ட ஆக்டோபஸ் கொண்டுவந்தான். இவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டார்.

அப்புறம்தான் விளங்கியது. அவர்கள் விரதத்தில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கூடாது. ஆனால் ஆக்டோபஸ், கணவாய், இறால், சிப்பி எல்லாம் கூடும். சிவப்பு ரத்தம் இல்லாதது என்பது கணக்கு. இவருக்கு வேண்டிய பாலாடைக்கட்டி விரதத்தில் கிடையாது. வேண்டாத ஆக்டோபஸ் உண்டு. இரண்டு பக்கமும் அந்தச் சொல் எங்களுக்குப் பொருந்தவில்லை. பையனே எங்களுக்கு வேறு சொல் கற்றுக் கொடுத்தான்: 'ஹோர்த்தோஃபாகோஸ்'. கீரை தின்கிறவர் என்று அர்த்தம். ஆக்டோபஸை நான் சாப்பிட்டேன். விறகுக் கரி வாசத்தோடு நன்றாகவே இருந்தது. இவருக்குத் 'தாக்கோஸ்' வந்தது: கல் மாதிரி காய்ந்த பார்லி ரொட்டியைத் தண்ணீர் தெளித்து இளக்கி, மேலே துருவிய தக்காளி, மிஸீத்ரா என்ற புதுப் பாலாடைக்கட்டி, காட்டு ஓமம்போல மணக்கும் ஓரிகானோ, கை கொள்ளாமல் ஆலிவ் எண்ணெய். இரண்டு தட்டு சாப்பிட்டார்.

பில் 34 யூரோ. அதில் கேட்காமலே வைத்த ரொட்டிக்கு ஆளுக்கு ஒன்றரை யூரோ. ஆனால் பில்லோடு ஒரு தட்டு திராட்சையும் சின்னக் குப்பியில் ரக்கி சாராயமும் வந்தன. அதற்குக் காசு கிடையாது. 'கேரஸ்மா' என்கிறார்கள், கடைக்காரர் தரும் உபசாரம். எங்களுக்குக் குடிப்பழக்கம் இல்லை என்றதும் முகம் சுளிக்காமல் குப்பியை எடுத்துக்கொண்டு இன்னொரு கொத்துத் திராட்சை வைத்தார்.

செப்டம்பர் 11, ஹன்யா

வெயில். காலை பத்து மணிக்கே கல் தரையிலிருந்து சூடு ஏறுகிறது. காலைச் சாப்பாடு புகாட்ஸா. மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவே மிஸீத்ரா வைத்துச் சுட்டு, கத்தியால் டக் டக்கென்று துண்டுபோட்டு, மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவித் தருகிறார்கள். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் புளிப்பு, மேலே இனிப்பு.

ஸ்ப்ளான்ட்ஸியா சதுக்கத்தில் ஒரு பெரிய மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். எதிரே புனித நிக்கோலஸ் தேவாலயம். ஒரு பக்கம் மணிக்கூண்டு, மறு பக்கம் மசூதியின் ஸ்தூபி. வெனிஸ் ஆட்சியில் கத்தோலிக்கத் துறவிகள் கட்டியது, துருக்கியர் காலத்தில் மசூதியானது, 1918இலிருந்து ஆர்த்தடாக்ஸ் தேவாலயம். ஸ்தூபியை யாரும் இடிக்கவில்லை. அதன் நிழல் தேவாலய வாசலில் விழுகிறது, அந்த நிழலில் கிழவர்கள் நாற்காலி போட்டுக் காப்பி குடிக்கிறார்கள். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுந்திருக்கச் சொல்வதில்லை. அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்தது.

ஸிஃபாகா தெருவில் கத்திக் கடைகள். கிரீட்டின் கத்திகளில் இரண்டு வரிக் கவிதை பொறிக்கிறார்கள். 'மன்தினாதா' என்று பெயர். ஒவ்வொரு வரிக்கும் பதினைந்து அசை, இரண்டு வரியும் எதுகைபோல் ஒலியில் முடிய வேண்டும். காதல், நட்பு, சாவு எல்லாவற்றையும் அந்த இரண்டடிக்குள் சொல்லிவிடுவார்களாம். குறளை மனப்பாடம் செய்து வளர்ந்தவளுக்கு இதைக் கேட்டதும் அந்தக் கடைக்காரர் தூரத்துச் சொந்தம் மாதிரி தோன்றிவிட்டார். அவர் ஒரு கத்தியின் வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக் காட்டினார். பொருள் விளங்கவில்லை, தாளம் விளங்கியது. கத்தி வாங்கவில்லை, விமானத்தில் தொல்லை.

இரவு நாளைக்கான பையைக் கட்டினோம். ஸமரியா பள்ளத்தாக்கில் நடந்து தென்கரைக்கு இறங்கி, படகில் லூத்ரோ என்ற கிராமத்துக்குப் போய் இரண்டு இரவு தங்குவதாகத் திட்டம். பெரிய பெட்டி இங்கேயே இருக்கும். முதுகுப் பை இரண்டு மட்டும். 13ஆம் தேதி கட்டிக்கொள்ள என் கூறைப்புடவையைக் கொண்டுவந்திருந்தேன். அரக்கு நிறம், அகலச் சரிகை, முக்கால் கிலோவுக்கு மேல் கனம். நடக்கிற பையில் அதை வைக்க எனக்கே தயக்கம். விட்டுவிட்டுப் போகலாம் என்றேன். "கொடு, நான் வைத்துக்கொள்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

செப்டம்பர் 12, ஸமரியா பள்ளத்தாக்கு

கால் வலியோடு எழுதுகிறேன். இந்த நாளை மறக்க மாட்டேன்.

விடிவதற்கு முன் பேருந்தில் ஓமலோஸ் சமவெளிக்கு ஏறினோம். கீழே வியர்த்துக் கொட்டியது. மேலே பல் கிட்டித்தது. பள்ளத்தாக்கின் தலைவாசல் 1,200 மீட்டருக்கு மேல் உயரம். அங்கிருந்து லிபியக் கடல் வரை 16 கிலோமீட்டர், கிட்டத்தட்ட முழுவதும் இறக்கம். மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். நுழைவுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், மறுமுனையில் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். இரவில் உள்ளே யாராவது தங்கிவிட்டார்களா என்று அதை வைத்துத்தான் எண்ணிப் பார்க்கிறார்கள்.

முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் வெறும் படி. கல்லும் மரமும் வைத்துக் கட்டிய படிகள் வளைந்து வளைந்து இறங்குகின்றன. ஏறினால் மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறக்கத்தில் முட்டியில் ஏறுகிற வலி நின்றாலும் போவதில்லை. என் முட்டிக்காக இவர் முன்னால் நடந்தார். சறுக்கினால் தம்மேல் விழட்டும் என்று. பைன் மரமும் சைப்ரஸ் மரமும் பிசின் மணக்க நிற்கின்றன. வழியில் ஊற்றுகள், கல் தொட்டிகள். பாட்டில் வாங்கவே வேண்டாம். ஐஸ் மாதிரி தண்ணீர்.

புனித நிக்கோலஸ் பெயரில் ஒரு சின்னக் கல் கோயில் வரும். அதைத் தாண்டியதும் இவருடைய வலது காலணியின் அடிப்பாகம் முழுசாகக் கழன்று வாய் பிளந்தது. நல்ல மலையேற்றக் காலணி, ஐந்தாறு வருடத்துக்கு முன் வாங்கியது, நாலு தடவைகூடப் போட்டிருக்க மாட்டார். பின்னால் வந்த ஒரு நடுவயதுத் தம்பதி நின்றார்கள். அந்தக் கணவர் காலணியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: போடாமல் அலமாரியில் வைத்திருந்ததுதான் தப்பு. உள்ளே இருக்கும் மெத்தை போன்ற பொருள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே பொடிந்துபோகும், வெளியே தெரியாது. தன் முதலுதவிப் பையிலிருந்து அகலமான ஒட்டுத்துணியை எடுத்தார். அவர் மனைவி மண்ணில் மண்டியிட்டு இவர் காலைத் தன் முழங்கால்மேல் வைத்துச் சுற்றிச் சுற்றி ஒட்டினார். இவர் வெட்கத்தில் கூசிப்போய் நின்றார். முன்பின் தெரியாத பெண் காலைத் தொடுவது என்றால் எங்களுக்கு எப்படி இருக்கும்! அந்த அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வேலையை முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு, கிளம்பிப் போயே விட்டார்கள். பெயர்கூடக் கேட்கவில்லையே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

பாதி வழியில் ஸமரியா கிராமம். ஆளில்லாத கல் வீடுகள். 1962இல் இது தேசியப் பூங்கா ஆனபோது இங்கிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ரொட்டியும் தக்காளியும் சாப்பிட்டோம். 'கிரி-கிரி' என்ற காட்டாடு ஒன்று பின்னோக்கி வளைந்த கொம்போடு பக்கத்தில் வந்து நின்று பையை மோந்து பார்த்தது. திண்ணையில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள், எந்தக் கல்யாணத்துக்கு இங்கே பந்தி போட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிராமத்தைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் ஒட்டுத்துணி தேய்ந்து கிழிந்துவிட்டது. கூழாங்கல் படுகை, ஒவ்வொரு அடிக்கும் கல் குத்துகிறது. "செருப்பை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று இவர் பையைத் திறந்தேன். பட்டை வைத்த நல்ல செருப்பு ஒன்று உண்டு, எங்கே போனாலும் எடுத்து வருவார். பையில் இல்லை. புடவைதான் இருந்தது, துவாலையில் சுற்றி, மடிப்புக் கலையாமல்.

"செருப்பு எங்கே?"

"இடம் போதவில்லை. ஹன்யாவில் வைத்துவிட்டேன்."

வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. புடவைக்குள்ளிருந்து பாவாடையை எடுத்து நாடாவை உருவினேன். கெட்டியான பருத்தி நாடா. காலணியைச் சுற்றி எட்டுப் போட்டுக் கணுக்காலில் இறுக்கி முடிந்தேன். அது கடைசிவரை தாங்கியது.

அந்த நாடாவோடுதான் 'இரும்புக் கதவு' என்கிற இடுக்கைத் தாண்டினோம். இரண்டு பக்கமும் முந்நூறு மீட்டர் அளவுக்கு நிமிர்ந்த பாறை. நடுவில் மூன்று நான்கு மீட்டர்தான் வழி. மரப்பலகை மேல் நடக்க வேண்டும், கீழே ஓடை. எல்லோரும் அங்கே படம் எடுக்கிறார்கள். நான் இவர் காலை எடுத்தேன்.

எட்டு மணி நேரம் கழித்து அயியா ரூமெலி. கருங்கூழாங்கல் கரை. ஒரு குவளை ஆரஞ்சுச் சாறு 5 யூரோ. பத்து யூரோ கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். மாலைப் படகில் லூத்ரோ வந்து சேர்ந்தபோது படகிலிருந்து இறங்கும் சரிவுப் பலகையே பெரிய மலையாகத் தெரிந்தது.

செப்டம்பர் 13, லூத்ரோ

லூத்ரோவுக்குச் சாலை கிடையாது. படகில் வர வேண்டும், இல்லையென்றால் மலை ஓரமாக நடந்து வர வேண்டும். வெள்ளை வீடுகள், நீலச் சன்னல்கள், ஒரே வளைவு, அவ்வளவுதான் ஊர். விவிலியத்தில் அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் ஏறிவந்த கப்பல் குளிர்காலத்தைக் கழிக்க ஒரு கிரீட் துறைமுகத்தைத் தேடிப் போகும், பேய்க்காற்று அதைத் திசைமாற்றிவிடும். அந்தத் துறைமுகம் இந்தப் பக்கம்தான் என்கிறார்கள். காலையில் கண் விழித்ததும் அந்தக் கதையை நம்பினேன். வெள்ளை மலைகளின் மேலிருந்து வடக்குக் காற்று வாரி இறைத்துக்கொண்டு இறங்கியது. வளைவுக்குள் தண்ணீர் பரவாயில்லை. வெளியே கடல் வெள்ளை வெள்ளையாக நுரைத்தது. இன்று படகு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

எங்களுக்கு அதனால் நட்டமில்லை, எப்படியும் இன்று இங்கேதான். இவருக்குச் செருப்பு வேண்டியிருந்தது. ஊரில் இருந்த சின்னக் கடையில் கடலில் போடும் நீலப் பிளாஸ்டிக் செருப்பு மட்டும்தான். 12 யூரோ. அளவு ஒரு விரற்கடை சின்னது. குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நான் குளித்துப் புடவையை எடுத்தேன். நாடா? அது சேறும் கல்லும் அரைத்து நைந்துபோயிருந்தது. கீழே இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் தொடை கத்தியது. நாங்கள் தங்கிய இடத்தின் கீழ்த்தளமே சாப்பாட்டுக் கடை. அதை நடத்தும் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். அவர் மகளுக்கு ஆங்கிலம் தெரியும். ஒரு கயிறு வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்றார்கள். பாவாடையைக் காட்டினேன். பாவாடை எதற்கு என்றார்கள். புடவையைக் காட்டினேன். இதை ஏன் இந்தக் காற்றில் கட்ட வேண்டும் என்றார்கள். அப்போதுதான் சொன்னேன், இன்றைக்கு எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம், அன்றைக்குக் கட்டிய புடவை இது.

மகள் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே அந்த அம்மா தன் ஏப்ரனைக் கழற்றி, கத்தரியால் தையலை வெட்டி, நாடாவை உருவி என் கையில் வைத்துவிட்டார். "ஹ்ரோன்யா போலா" என்று இரண்டு கன்னத்திலும் முத்தம். பல ஆண்டுகள் என்று அர்த்தம். நம் வாயில் வரும் 'நூறாண்டு' போலத்தான்.

பிறகு என்னை உள்ளே அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினார். கண்ணாடி போட்ட மரப்பெட்டிக்குள் இரண்டு மெல்லிய வளையங்கள், மெழுகுப் பூக்கள் பழுப்பேறியிருந்தன. இரண்டையும் ஒரு வெள்ளை ரிப்பன் சேர்த்திருந்தது. 'ஸ்தேஃபானா', கல்யாணக் கிரீடங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கொன்று அணிய, 'கும்பாரோஸ்' என்கிற தோழர் அவற்றை மூன்று தடவை மாற்றி மாற்றி வைப்பாராம். பிறகு பாதிரியார் முன்னால் நடக்க மேசையை மூன்று சுற்று. மூன்று சுற்று என்றதும் நான் மூன்று விரலைக் காட்டி, கையால் தீ எரிவதுபோல் காட்டி, எங்களுக்கும் அப்படித்தான் என்றேன். என் தாலியை வெளியே எடுத்தேன். அவர் தன் வலது கை மோதிரத்தைக் காட்டினார். இவர்களுக்குக் கல்யாண மோதிரம் வலது கையில். மகள் மொழிபெயர்ப்பதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.

புடவை கட்டி முந்தானைக்கு நாலு ஊக்கு குத்திக் கடலோரம் நின்றோம். காற்று மடிப்பைப் பிய்த்தது. இவர் வேட்டி சட்டையில், நீலச் செருப்பில். படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பினோம்.

மதியம் அந்த அம்மா எங்கள் மேசைக்கு வந்து விரிப்பை மாற்றினார். இன்று படகில் வந்திருக்க வேண்டிய கூட்டத்துக்காக ஒரு பெரிய அண்டாவில் ஆடும் சேவலும் வெந்துகொண்டிருந்ததாம். கூட்டம் வரவில்லை. கல்யாண நாளில் பிலாஃபி சாப்பிடாமல் எப்படி என்று அந்தச் சாற்றில் அரிசியைப் போட்டுவிட்டார். 'கமோபிலாஃபோ': கமோஸ் என்றால் கல்யாணம். கிரீட்டில் இந்தச் சோறு இல்லாமல் கல்யாணம் இல்லை. ஆட்டுச் சாற்றில் அரிசியைக் குழைய வேகவைத்து, எலுமிச்சை பிழிந்து, பாலாடையைக் காய்ச்சி எடுக்கும் 'ஸ்தாக்கா' வெண்ணெயை உருக்கி ஊற்றுகிறார்கள். பெரிய வெள்ளைத் தட்டு நிறையக் குவித்து, மேலே ஆவி பறக்க, இரண்டு கரண்டி வைத்து எங்கள் நடுவில் கொண்டுவந்து வைத்தார். கை கட்டிக்கொண்டு நின்றார், நாங்கள் முதல் வாய் சாப்பிடுவதைப் பார்க்க.

பார்வைக்கு வெண்பொங்கல். வாசம் மட்டும் வேறு.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். நெஞ்சில் கை வைத்து, அந்த அம்மாவிடம் நேரடியாக, "நான் சாப்பிட மாட்டேன். மன்னிக்க வேண்டும். என் மனைவி சாப்பிடுவாள்" என்றார். மகள் சொன்னதும் அந்த அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். என்றைக்குமே சாப்பிட்டதில்லையா என்று கேட்கிறார் என்றாள் மகள். பிறந்ததிலிருந்தே இல்லை என்றோம். அந்த அம்மா இவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "நாளைக்குச் சிலுவைத் திருநாள். நாளைக்கு நாங்கள் எல்லோரும் உங்களை மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் கரண்டியை எடுக்கவில்லை. இருபத்தைந்து வருடமாக எங்கள் வீட்டில் அசைவம் சமைத்ததில்லை. யாரும் தடுக்கவில்லை, மாமியார் இருந்தவரை முடியாது, பிறகு பழகிவிட்டது. அம்மா வீட்டுக்குப் போனால் சாப்பிடுவேன், அப்போது இவர் வெளித்திண்ணைக்குப் போய்விடுவார். வெளியே போனாலும் பக்கத்து மேசை, பின்னொரு நேரம், அப்படி ஏதாவது ஒரு வழி வைத்திருந்தோம். பேசி வைத்த வழி இல்லை. மூன்று நாளைக்கு முன் ஆக்டோபஸுக்குக்கூட நாற்காலியை நகர்த்தியவர்தான்.

"சாப்பிடு. ஆறிவிடும்" என்றார். தட்டை என் பக்கம் தள்ளினார். நாற்காலியை நகர்த்தவில்லை.

சாப்பிட்டேன். எலுமிச்சைப் புளிப்பும் வெண்ணெயும் நாக்கில் ஒட்டிக்கொள்கிற அந்தச் சோற்றை அதற்கு முன்னும் பின்னும் நான் சாப்பிட்டதில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். உப்பு போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். வேறென்ன பேசினோம் என்று நினைவில்லை. ஆனால் அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பவே இல்லை.

சற்று நேரத்தில் இவருக்கு வந்தது: ஆலிவ் எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு, ஸ்தாம்னகாத்தி என்ற கசப்புக் கீரையை வேகவைத்து எலுமிச்சை பிழிந்து ஒரு மலை, ஸ்ஃபாக்கியா அடை. மாவுக்குள் மிஸீத்ராவை வைத்து மெல்லியதாகத் தட்டித் தோசைக்கல்லில் சுட்டு மேலே மலைத் தேன். அடையில் பாதியைப் பிய்த்து என் தட்டோரம் வைத்தார்.

மாலையில் அந்த அம்மாவின் கணவர் வந்து நின்று ஒரு மன்தினாதா பாடினார். எங்களுக்காக அங்கேயே கட்டியதாம். மகள் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் இது வராது என்று விட்டுவிட்டாள். பில்லில் கீரையும் அடையும் மட்டும் எழுதியிருந்தது. 13 யூரோ.

செப்டம்பர் 14, ஸ்ஃபாக்கியா – ஹன்யா

காற்று அடங்கிவிட்டது. காலைப் படகில் ஹோரா ஸ்ஃபாக்கியோன். 1941இல் ஜெர்மானியர் தீவைப் பிடித்தபோது நேசநாட்டு வீரர்கள் மலையைக் கடந்து நடந்துவந்து கப்பலேறிய கரை இது. எல்லோருக்கும் கப்பலில் இடம் கிடைக்கவில்லை, ஆயிரக்கணக்கானோர் சிறைபட்டார்கள். கடலோரம் நினைவுக்கல் இருக்கிறது. எங்கள் கால் வலியைப் பற்றி அதன்பிறகு நான் பேசவில்லை.

பேருந்துக்குக் காத்திருந்தபோது தேவாலயத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் துளசி மாதிரி ஒரு கொத்து. மணம் முன்னாலேயே வந்துவிட்டது: நம் திருநீற்றுப்பச்சிலை! சிலுவைத் திருநாளில் பாதிரியார் அதைத்தான் கொடுக்கிறார். ஹெலெனா அரசி சிலுவையைத் தேடியபோது அது புதைந்த இடத்தில் இந்தச் செடி மணத்துக்கொண்டிருந்ததாக நம்பிக்கை. கறுப்புடை அணிந்த ஒரு பாட்டி நான் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்துத் தன் கொத்தில் பாதியை ஒடித்துக் கொடுத்தார். வாங்கி ஒரு கிள்ளு தலையில் வைத்துக்கொண்டேன். பாட்டி சிரித்துவிட்டார். தலையில் வைக்கிற வழக்கம் இல்லை போலிருக்கிறது.

பேருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியது. எனக்கு வயிற்றைப் புரட்டியபோது அந்தக் கொத்தைத்தான் முகர்ந்துகொண்டு வந்தேன்.

இரவு ஹன்யாவில் அதே முதல்நாள் கடை, அதே பையன். இன்று கண்டிப்பான விரத நாள். பக்கத்து மேசையில் பாட்டி முதல் பேரன் வரை பத்துப் பேர். ஒருவர் தட்டிலும் இறைச்சி இல்லை. மஞ்சள் பருப்பு மசியல், தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை, கத்தரிக்காயும் உருளையும் சேர்த்துச் சுட்ட 'பிரியாம்', கீரை. இவர் அந்த மேசையைக் காட்டி, அதெல்லாம் வேண்டும் என்றார். பையன் "ஆக்டோபஸ்?" என்று கேட்டான். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள், எனக்கு ஒன்று கொண்டுவரச் சொன்னார் இவர்.

செப்டம்பர் 15, ஹன்யா

மாலை விமானம். ஸ்க்ரித்லோஃப் தெருவுக்குப் போனோம். தோல் கடைகள் நிறைந்த சந்து. ஒரு காலத்தில் கிரீட் ஆண்கள் போடும் முழங்கால் உயரத் தோல் காலணி செய்கிறவர்கள் உட்கார்ந்த தெரு. பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அளவெடுத்து, வார் அறுத்து, கண்ணெதிரே ஆணி அடித்துக் கொடுத்தார் ஒரு பெரியவர். 38 யூரோ. பேரம் பேச மனம் வரவில்லை. நீலச் செருப்பைத் தூக்கிப் போடட்டுமா என்று கேட்டார். இவர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அறைக்கு வந்து பெட்டி கட்டும்போதுதான் பார்த்தேன். பாவாடையில் அந்த அம்மாவின் ஏப்ரன் நாடா. திருப்பிக் கொடுக்காமலே வந்துவிட்டேன். வெள்ளை நிறம், ஓரத்தில் கத்தரி வெட்டிய நூல் பிசிறு. அஞ்சல் அலுவலகம் மூடியிருந்தது. ஊருக்குப் போய் முதல் வேலையாகப் புதிதாக ஒரு ஏப்ரன் தைத்து அனுப்பப் போகிறேன். அரக்கு நிறத்தில், நாடா இரண்டு விரற்கடை நீளமாக.